பத்தொன்பது எழுத்து அளவுகோல்

அன்பு நண்பா,

கண் அறுவை சிகிச்சை முடிந்து சொட்டு மருந்தும் கையுமாக இருந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. பார்வை தெளிந்ததும் முதலில் பெரிதாக்கிப் பார்த்தது நீ அனுப்பிய இலைப் படத்தைத்தான்.

அந்த மஞ்சள் தேமலுக்கு நடுவே கரும்பச்சைத் திட்டுகள் இருக்கின்றன, பார்த்தாயா? அங்கே வைரஸ் மிகவும் குறைவு. செடி ஜெயித்த இடங்கள் அவை.

வெள்ளணு இல்லாத செடி எதை வைத்துச் சண்டை போடும் என்று கேட்டிருந்தாய். வெட்டித்தான். தாவர வைரஸ்களில் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. வைரஸ்கள்; அதாவது, அவற்றின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் இழையில், வேதி 'எழுத்து'களின் வரிசையாக இருக்கும். பெருகும்போது அந்த ஆர்.என்.ஏ. இரட்டை இழையாகும். டைசர் என்னும் நொதி அதை 21, 22 எழுத்துத் துண்டுகளாக நறுக்கிவிடும். ஆர்கோநாட் என்னும் புரதம் ஒரு துண்டின் ஓர் இழையை அடையாளச் சீட்டாக வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.யைத் தேடிப்பிடித்து வெட்டும். வைரஸ் போய்ச் சேருவதற்குள் இந்த எச்சரிக்கை மற்ற இலைகளுக்கும் பரவக்கூடும். வளையப்புள்ளி நோய் கண்ட புகையிலைச் செடியில் மேல் இலைகள் மட்டும் நோய்க்குறி இல்லாமல் துளிர்ப்பதை விங்கார்ட் என்ற ஆய்வாளர் 1928-லேயே எழுதிவைத்தார். ஆய்வாளர்கள் ஹாமில்டனும் பால்கூமும் செடிக்குள் இந்தச் சிறு ஆர்.என்.ஏ.க்களைக் கண்டது 1999-ல்தான்.

சரி, இவ்வளவு இருந்தும் செடி ஏன் தோற்கிறது? வைரஸ் சும்மா இருப்பதில்லை. தக்காளியைத் தாக்கும் ஒரு வைரஸிடம் பி19 என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு பி19 ஜோடி சேர்ந்து, அளவுகோல் பிடிப்பதுபோலத் துண்டின் இரு முனைகளையும் பிடித்து நீளம் பார்க்கும். 21 எழுத்துத் துண்டில் இரு முனைகளிலும் இரண்டிரண்டு எழுத்து துருத்தி நிற்பதால், இணைந்த பகுதி 19. அளவு சரியாக இருந்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, நீளம்தான் கணக்கு! அப்புறம் ஆர்கோநாட்டுக்குச் சீட்டு எங்கே கிடைக்கும்? (பெயரில் உள்ள 19 புரதத்தின் எடையைக் குறிப்பது. இரண்டும் ஒன்றானது தற்செயல்.)

வெள்ளரித் தேமல் வைரஸின் 2பி புரதம் ஆர்கோநாட்டையே பிடித்து முடக்கும். வேறு சில வைரஸ்களிடம் உள்ள பி0 என்ற புரதம், ஆர்கோநாட்டைச் செல்லே அழித்துவிடும்படி செய்துவிடும். எனக்கென்னவோ பி19-தான் பெரிய கில்லாடி.

இதில் செடிக்கு இன்னொரு இழப்பும் உண்டு. தன் இலைக்கு வடிவம் கொடுக்கவும் அது சிறு ஆர்.என்.ஏ.க்களைத்தான் நம்பியிருக்கிறது. வைரஸ் அவற்றிலும் கைவைப்பதால் இலை கோணலாகிச் சுருளலாம்.

உன் செடியை உடனே பிடுங்கிவிடாதே, ஆனால் மற்றவற்றிடமிருந்து தள்ளி வை. வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி இருக்கிறதா என்று இலையின் அடியில் பார். அடுத்து வரும் துளிரையும் படமெடுத்து அனுப்பு, மேல் இலை எப்படி வருகிறதென்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்