பயணத் திட்டத்தைத் திருத்தி அனுப்புகிறேன்

கொட்டாரம்,
வைகாசி 8

அன்பு மக்களே,

நீ மின்னஞ்சலில் அனுப்பிய பயணத் திட்டத்தைக் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து அச்செடுத்து வந்து, பதினோரு நாளாகச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பூகோளம் நடத்தியவளுக்கு வரைபடத்தை அனுப்பினால் அவள் சிவப்புப் பேனாவை எடுப்பாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் அனுப்பினாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

திட்டம் நன்றாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினான்கு நாளுக்கு வண்டியை வாடகைக்கு எடுத்து, படுக்கையும் அடுப்பும் அதிலேயே வைத்துக்கொண்டு, ஸ்காட்லாந்தில் மலை மலையாகப் போய், ஒவ்வொரு உச்சியிலும் ஏரியல் கம்பி கட்டி ஹாம் ரேடியோவில் பேசிவிட்டு இறங்குவது என்ற யோசனை உன் அப்பாவுக்குக் கிடைத்திருந்தால் அவர் அந்த வருடம் முழுவதும் வேறு எதையும் பேசியிருக்க மாட்டார். ஆயிரம் புள்ளி சேர்ந்தால் ‘மலை ஆடு’ என்று பட்டம் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். எம்.எஸ்ஸி.க்குப் பிறகு என் பிள்ளை வாங்கப் போகும் பட்டம் இதுதான் என்று எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விதிகளை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்கு மேல் கீழே இறங்காத பரப்புக்குள் இருந்துதான் பேச வேண்டும். குறைந்தது நான்கு பேரோடு தொடர்பு கிடைத்தால்தான் புள்ளி. வண்டியில் உட்கார்ந்தோ, வண்டியின் மின்சாரத்தை எடுத்தோ பேசக் கூடாது. செட், பேட்டரி, கம்பு எல்லாவற்றையும் முதுகில் சுமந்து ஏற வேண்டும். 2002-இல் அங்கே பிரிட்டனில் இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் நல்ல வாத்தியார்களாக இருந்திருப்பார்கள். ஆனால் வண்டி எவ்வளவு வசதியாக இருந்தாலும் அது மலையடிவாரத்திலேயே நின்றுவிடும் என்பதும், மேலே இருக்கும் நேரமெல்லாம் நீ மட்டுமே இருப்பாய் என்பதும் இந்த விதியிலேயே இருக்கின்றன.

இனி சிவப்பு மை. முதல் நாள் பென் லோமண்டுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாய். அதன் உயரம் 974 மீட்டர், ஏரிக்கரையிலிருந்து ஏறுகிறாய், போய்வர ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் தப்பவில்லை: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நடக்க மட்டுமே நான்கு மணி நேரம் வருகிறது. கம்பு நிறுத்தி, கம்பி இழுத்து, நான்கு பேரைப் பிடித்து, மறுபடி சுருட்டிக் கட்ட ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள். அன்று மாலையே இன்னொரு மலை என்று நீ போட்டிருந்ததை நான் அடித்துவிட்டேன். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வெளிச்சம் இருக்கிறது என்பதற்காகக் கால் களைக்காமல் இருக்காது.

ஆறாம் நாள் ஆப்பிள்கிராஸுக்குப் பியலாக் நா பா என்ற கணவாய் வழியாகப் போவதாக இருக்கிறது. 626 மீட்டர் வரை ஒற்றைத் தடத்தில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் சாலை அது. பெரிய வண்டிகளும் இழுவை வண்டிகளும் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். உன் வண்டி ஏழு மீட்டர் நீளம். ஷீல்டெய்க் வழியாகக் கரையோரச் சாலை இருக்கிறது, நேரம் கூடுதல், அந்த வழியாகவே போ. வண்டியின் உயரத்தைக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டி வை. உன் உரிமத்துக்கு 3500 கிலோதான் எல்லை என்பதால் தண்ணீர்த் தொட்டியை வழியெல்லாம் நிரப்பிக்கொண்டு ஓடாதே. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. ஸ்காட்லாந்தில் எங்கும் கூடாரம் அடிக்கலாம் என்று 2003 சட்டத்தை நம்பி இரவு எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த உரிமை நடந்து போகிறவனுக்கு உண்டு, மோட்டார் வண்டிக்கு இல்லை. குளிர் என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அடுப்பை எரிய விட்டபடி தூங்கிவிடாதே. கார்பன் மோனாக்சைடு அலாரம் வண்டியில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று வாடகைக்காரனை அழுத்திக் காட்டச் சொல்.

காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை; ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவன் நீ. ஆனி மாதத்தில் அப்பா இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய கம்பி எத்தனை முறை அறுந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். இடிச் சத்தம் எவ்வளவு தூரத்தில் கேட்டாலும் முதலில் கம்பை இறக்கு. பேசிக்கொண்டிருக்கிறவர் நடு வாக்கியத்தில் இருந்தாலும் இறக்கு. கண்ணாடியிழைக் கம்பில் மின்சாரம் பாயாது என்பாய். அதன் உச்சியிலிருந்து தொங்கும் பத்து மீட்டர் கம்பியில் பாயும். மூன்று தொடர்பு கிடைத்துவிட்டது, ஒன்றுதான் பாக்கி என்று நீ இருந்துவிடுவாய், எனக்குத் தெரியும். இறக்கிவிட வேண்டும்.

சாமான் பட்டியலையும் பார்த்தேன். ஐந்து வாட் செட், லித்தியம் பேட்டரி, ஹெட்போன், பதிவுப் புத்தகம், இரண்டு பென்சில். சமையல் பகுதியில் சிறிய குக்கர் ஒன்று, தட்டு ஒன்று, தம்ளர் ஒன்று, தூங்கும் பை ஒன்று.

போன வருடம் வேல்ஸில் ஸ்னோடன் உச்சியிலிருந்து நீ அனுப்பிய படம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நீ காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறாய். மருமகள் மழைக்கோட்டின் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கையுறையைப் பல்லில் கடித்தபடி, உன் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை யார் எழுதுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவனே பேசி ஒருவனே எழுதவும் முடியும்தான். அப்பா அப்படித்தான் செய்தார். அவளுக்கு விடுமுறை கிடைக்கவில்லையாக இருக்கும். மூன்று மாதமாகத் தொலைபேசியில் அவள் வேலையில் இருக்கிறாள், குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று நீ சொல்கிறாய். நானும் சரி என்று வைத்துவிடுகிறேன்.

மலையில் தனியாக ஏறுகிறவர்கள் செய்ய வேண்டியதை மறுபடி எழுதுகிறேன். எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவாய் என்பதை ஒவ்வொரு நாளும் யாரிடமாவது சொல்லிவிட்டு ஏறு. விசில் ஒன்று வைத்துக்கொள். ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும். அங்கே 999-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் கைப்பேசியை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அதைப் புறப்படும் முன்பே செய். நீ அங்கே மாலை நான்கு மணிக்கு இறங்கினால் இங்கே இரவு எட்டரை. எட்டரையிலிருந்து கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா தட்டித் தட்டிச் செய்தி அனுப்பிய மோர்ஸ் சாவியை அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டாய். தேடிப் பார்க்கிறேன் என்று மூன்று முறையும் சொன்னேன். நான் தேடவில்லை. அப்பாவின் அடியந்திரக் காரியம் முடிந்த மறுமாதம் ஆக்கர் கடைக்காரன் பழைய பேப்பர் எடுக்க வந்தபோது அந்தச் சாவியையும் போட்டுவிட்டேன். பலாக்கட்டையில் நான்கு திருகாணி போட்டுப் பொருத்தியிருந்ததை அவன் கழற்றி, பித்தளைக்குத் தனி விலை அம்மா என்று சொல்லித் தனியாக எடை போட்டான். கறுப்புக் குமிழில் அவருடைய கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. கட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அது இப்போதும் சமையலறைக் கதவுக்கு முட்டாக இருக்கிறது.

தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று உன்னிடம் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன், மக்களே, கோபத்தில் கொடுத்தேன். முப்பத்து நான்கு வருடம் திண்ணை அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டு தூங்கியவள் நான். ஜப்பான்காரனிடமும் ரஷ்யாக்காரனிடமும் பேர் என்ன, ஊர் எது, மழை உண்டா என்று விசாரிக்கிற மனிதர், உள்ளே இருப்பவள் சாப்பிட்டாளா என்று கேட்டதில்லை. 2004-இல் சுனாமி வந்து, மணக்குடிப் பாலம் உடைந்து கிடந்த அந்த வாரத்தில், போர்ட் பிளேரிலிருந்து ஹாம் ரேடியோக்காரர் பாரதி பிரசாத்தும் கூட்டாளிகளும் அனுப்பிக்கொண்டிருந்த தகவல்களைத் தூங்காமல் கேட்டு எழுதினார். நான் அந்தச் செட்டைத் திட்டாமல் இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

ஆனால் அவர் என்னைக் கூப்பிடாமல் இல்லை. மருந்துவாழ் மலைக்குச் செட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம், மேலே நின்றால் முக்கடலும் தெரியும், ஒருமுறை வாயேன் என்று கேட்பார். விடைத்தாள் திருத்த வேண்டும் என்பேன். விடைத்தாளே இல்லாத மே மாதத்திலும் அதையேதான் சொன்னேன். மலை இதோ நம் மொட்டைமாடியிலிருந்து தெரிகிறது. நான் ஒருமுறையும் ஏறவில்லை. இப்போது ஏற முட்டி விடாது.

காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவர் தம்ளரில் விரலால் தட்டுவார், உனக்கு நினைவிருக்கிறதா? டா டா டா டிட் டிட், டா டா டா டிட் டிட். என்ன அது என்று ஒருநாள் கேட்டதற்கு, எட்டு எட்டு என்றார். எட்டு மணி எட்டு நிமிடம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சில நாள் எரிச்சலும் பட்டேன். உன் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் சுருக்கக் குறியீடுகளை எல்லாம் கொடுத்திருக்கிறாய். 73 என்றால் வணக்கம், எல்லோருக்கும் அனுப்பலாம். 88 யாருக்கு அனுப்புவது என்றும் அதில் இருக்கிறது. மகனுக்கு எழுதும் கடிதத்தில் அந்த அர்த்தத்தை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பதினோரு நாளாகத்தான் எனக்கு அது தெரியும்.

சாவியை விற்றதற்கு நீ கோபப்பட்டுக்கொள். ஆனால் கோபப்பட்டுப் பேசாமல் இருந்துவிடாதே. அந்த வித்தையை இந்த வீட்டில்தான் நீ கற்றிருக்க வேண்டும்.

சமையல் பட்டியலில் இரண்டு திருத்தம் செய்திருக்கிறேன், அச்சுத் தாளில் பார்த்துக்கொள்: தட்டு இரண்டு, தம்ளர் இரண்டு. வண்டியில் இடம் இருக்கிறது, எடையும் ஒன்றும் கூடிவிடாது. இடி கேட்டால் கம்பை இறக்க மறக்காதே.

எதிர்வீட்டு அத்தையின் மகன் வரும் ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டர் வருகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் திருத்திய தாளையும், அரைக் கிலோ வீதம் இரண்டு பொட்டலம் நேந்திரம் சிப்ஸும், நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து விடுகிறேன். ஒரு பொட்டலத்தின் மேல் மருமகளின் பெயரை எழுதியிருக்கிறேன். அவள் இப்போது எந்த முகவரியில் இருந்தாலும் அதை நீயே கொண்டுபோய் அவள் கையில் கொடு. தபாலில் அனுப்பாதே, சிப்ஸ் நொறுங்கிவிடும்.

அன்புடன்,
அம்மா