பையைக் கொட்டிப் பார்ப்போம்

திருக்கோவில்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நாற்பது ஆண்டு கனடாக் குளிரில் இருந்துவிட்டு, இந்த முறை எப்படியும் கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடந்தே தீருவேன் என்று எழுதியிருக்கிறாய். மகிழ்ச்சிதான். ஆனால் நீ வாங்கி வைத்திருக்கும் பொருட்களின் பட்டியலைப் படித்ததும், உன்னோடு சேர்ந்து அவற்றையும் சுமக்க இரண்டு பேர் வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒன்று சொல்கிறேன். விமானச் சீட்டை அவசரப்பட்டு எடுத்துவிடாதே. கதிர்காமக் கொடியேற்றம் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில் வருவதில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் உகந்தையில் காட்டுப்பாதை திறக்கப்படும். அறிவிப்பு வந்ததும் உனக்குத் தெரிவிக்கிறேன்.

உகந்தை முருகனைக் கும்பிட்டு, பெயரைப் பதிந்துவிட்டுக் குமனக் காட்டுக்குள் இறங்கினால், குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கி, கதிர்காமத்து மாணிக்க கங்கையில் கால் நனைக்க நம்மைப் போன்றவர்களுக்கு ஐந்து ஆறு நாள் பிடிக்கும். யானையையும் கரடியையும் பற்றி நீ இரண்டு பக்கம் கேட்டிருக்கிறாய். வேலைத் தாங்கி முன்னே நடக்கும் வேல்சாமியின் கூட்டத்தை விட்டுப் பிரியாமலும், விடியுமுன் தனியே புறப்படாமலும், நீர்நிலைகளின் பக்கம் சந்தடியில்லாமல் ஒதுங்கப் போகாமலும் இருந்தால் போதும். நான் கண்ட வரையில் அந்தக் காட்டில் ஆளை விழுத்துவது காலும் முதுகும்தான்.

என் முதல் யாத்திரையில் நான் பட்ட பாட்டை உனக்கு எழுதியதில்லை, வெட்கம்தான் காரணம். புறப்படுவதற்கு முதல்நாள் பையை அரிசி ஆலைத் தராசில் வைத்தபோது 14 கிலோ காட்டியது. ஐந்து சாரம், இரண்டு பால்மா ரின், அரிசி, பருப்பு, ஒரு குக்கர் கூட இருந்தது. பழக்கப்படாத புதுச் சப்பாத்தோடு இரண்டு நாள் நடந்து குமுக்கன் ஆற்றைக் கடந்தேன். கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே தண்ணீருக்குள் இறங்கியதால் காலுறை நனைந்து, அதற்குள் மணலும் புகுந்துவிட்டது. நாவலடியில் சப்பாத்தைக் கழற்றியபோது, குதிக்காலில் பலாக்கொட்டை அளவில் எழுந்திருந்த கொப்புளத்தின் தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் மட்டக்களப்பிலிருந்து வெறுங்காலோடு வந்த ஓர் ஆச்சி இருந்தார். அவருடைய உடைமையெல்லாம் ஓர் உரப்பைக்குள் அடங்கியிருந்தது: மாற்றுச் சீலை ஒன்று, அவல், சர்க்கரை, ஒரு தகரக் கோப்பை. என் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த அஞ்சு சாரமும் ஆருக்கு, சாமி?" என்று கேட்டார். காட்டுக்குள் எல்லாரும் சாமிதான் என்றாலும், அன்றைக்கு அந்தச் சொல் எனக்கு உறைத்தது. குக்கரையும் மூன்று சாரத்தையும் ஒரு சமையல் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத் தூரத்தை நொண்டியே முடித்தேன்.

ஆகையால், நீ வாங்கிய கணுக்கால் மூடும் தோல் சப்பாத்தை அங்கேயே விட்டுவிடு. பின்வார் வைத்த, அடி தடித்த செருப்பே நல்லது. முள் ஏறாது, ஆற்றில் நனைந்தாலும் நடக்க நடக்கக் காயும். அதையும் இன்றைக்கே போட்டு நடக்கத் தொடங்கு. இங்கே வந்ததும், காலையில் திருக்கோவிலிலிருந்து தம்பிலுவில் பக்கமாகக் கடற்கரை மணலில், பையோடு நடப்போம். தார் றோட்டில் பத்து மைல் நடப்பவனுக்கும் சுடுமணலில் மூன்று மைலுக்குள் கெண்டைக்கால் இறுகிவிடும்.

தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதால் சிலர் அதைத்தான் முதலில் குறைப்பார்கள். அது பெரும் பிழை. இப்போது சில இடங்களில் பவுசர் வண்டியில் தண்ணீர் வைக்கிறார்கள், ஆனால் அடுத்த தங்குமிடம் வரை தாங்கக்கூடியதை நம் கையில் வைத்திருக்க வேண்டும். ஆற்று மணலில் தோண்டும் ஊற்று நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பொட்டலம் சில, பனடோல், காயத்துக்குக் கட்டும் துணி, நுளம்புக்குப் பூசும் எண்ணெய், ஒரு டோர்ச், நீ வழக்கமாக எடுக்கும் பிரஷர் மாத்திரை ஆகியவை போதும். கூடாரம் வேண்டாம், மரத்தடியில் ஒரு பாயும் போர்வையும் விரித்தால் நித்திரை தானாக வரும், உன் குறட்டையைத் தாங்குபவர்கள்தான் பாவம். உணவுக்கு அவல், கச்சான், பேரீச்சம்பழம் எடுப்போம். அரிசி பருப்பைக் கூட்டத்தில் எல்லாருமாகப் பங்கிட்டுச் சுமக்கலாம்.

புறப்படும் நாளுக்குப் பத்து நாள் முன்னரே வந்துவிடு. நீ கொண்டுவரும் பையை என் வீட்டுத் திண்ணையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வைப்போம். அரிசி ஆலைக்காரரிடம் தராசுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முள் ஏழு கிலோவைத் தாண்டினால் மறுபடியும் கொட்டுவோம்.

உன் பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழன்