ஈ, டி, அப்புறம் சி: என்னை விட்டுக்கொடுக்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பத்தாங் பெர்ஜுந்தையில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் வணக்கம். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் நம் தோட்டத்து ஆட்களுக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

நம் மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில், பிஎம் (மலாய் மொழி) பாட மறுதேர்வில் எனக்கு சி கிடைத்துவிட்டது. கிரெடிட். நேரில் பார்த்தவர்களிடம் சொல்லிவிட்டேன், ஆனால் கடை வாசலிலும் பஸ் ஸ்டாப்பிலும் நின்றுகொண்டு சொல்ல முடியாத அளவுக்கு நன்றி பாக்கி இருக்கிறது.

2003-இல் எஸ்பிஎம் எழுதியபோது பிஎம்மில் எனக்கு 8ஈ, அப்போதெல்லாம் அப்படித்தான் எண்ணும் எழுத்துமாகப் போடுவார்கள். பாஸ்தான், ஆனால் கிரெடிட் இல்லை. எஸ்பிஎம் தகுதிக்குரிய அரசாங்க வேலைகள் பலவற்றுக்கு பிஎம்மில் குறைந்தது சி கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் சிறப்புக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஒரு எழுத்து குறைந்ததால் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போனேன், கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வருஷம் ஓடிவிட்டது. 36 வயதில் திரும்ப எழுதினேன். ஈ. அத்தனை வருஷம் கழித்தும் அதே ஈ! அந்த முடிவை வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை, புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்துவைத்தேன். அம்மா அவற்றை அரிசி டின்னுக்குப் பின்னால் மறைத்துவைத்தது எனக்கு மாதங்கள் கழித்துத்தான் தெரியும். அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "நீ கோவத்துல இருந்த, புத்தகம் என்னா பண்ணுச்சு?" என்றீர்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற நம் வாத்தியார் ஐயாவிடம் நான் போனது அதற்குப் பிறகுதான். இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் பரீட்சையில் தோற்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் வேறு யாருக்காவது உதவும். ஐயா முதலில் கேட்டது "ஏன் தோத்த?" என்று இல்லை, "எங்க தோத்த?" என்று. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சரி, எழுது பார்ப்போம் என்று கடிகாரத்தை வைத்து எழுதச் சொன்னார். ரூமுசான், அதாவது கொடுத்த பகுதியின் சுருக்கம், 120 சொல்லுக்குள் முடிய வேண்டும், நான் 190-க்குப் போயிருந்தேன். கட்டுரையில் பாதி வாக்கியம் பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய். என் வீடு என்பதற்கு 'ரூமா சாயா' என்று எழுத வேண்டிய இடத்தில் கடையில் பேசுவது போல 'சாயா புஞா ரூமா' என்று எழுதியிருந்தேன். நமக்குச் சின்ன வயதிலிருந்து மலாய் பேச வரும், அதனால் எழுதவும் வரும் என்று நினைத்துவிடுகிறோம், எனக்கு இரண்டு தடவை அடி விழுந்தது அங்கேதான்.

அடுத்தது இம்புஹான், அதாவது சொல்லோடு சேரும் ஒட்டு. 'மெ' முன்னால் சேரும்போது புக்குல் மெமுக்குல் ஆகிறது, துலிஸ் மெனுலிஸ் ஆகிறது, சாப்பு மெஞாப்பு, கீரா மெஙீரா. பள்ளியில் கே, பி, எஸ், டி எழுத்துகள் மறையும் என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் குழப்பிக்கொண்டவள் நான். ஐயா ஒரு தாளில் க ங, ச ஞ, த ந, ப ம என்று எழுதினார். வல்லினம் போகிற இடத்தில் அதன் பக்கத்தில் நிற்கிற மெல்லினம் வருகிறது, அவ்வளவுதான், இது நீ ஒன்றாம் வகுப்பில் படித்த வரிசை என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். எனக்கு எதுவுமே தெரியாது என்ற நினைப்பு அன்றைக்குத்தான் போனது ஐயா, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டாவது மறுதேர்வில் டி. ஒரே ஒரு படி. ஈ வந்தபோதுகூட அவ்வளவு அழவில்லை. அந்த வாரம் நான் பாடத்துக்கு வரவில்லை என்று ஐயா சைக்கிளில் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து, "ஈயிலருந்து டிக்கு நீதானே வந்த? அதே ஆளுதான் சிக்கும் போகணும்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: தினம் ராத்திரி எட்டரைக்கு ஒரு பத்தி, ஒன்றே ஒன்று, பழம் அதிகமாக விழுகிற மாதங்களில் உடம்பு முடியாவிட்டால் மூன்று வரி. நாலு பக்கம் என்று இலக்கு வைத்துத்தான் முன்பெல்லாம் நாலாவது நாளே விட்டுவிடுவேன். மூன்று வரி எழுதிய நாட்கள் நிறைய, ஒன்றும் எழுதாத நாட்கள் ஒன்பது, நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தேன்.

சந்திப்பில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கும் மலாய்க் காக் (அக்கா), நீங்கள் இதைப் படிக்க முடியாது, உங்கள் பக்கத்துக் கடைத் தம்பி படித்துச் சொல்வான். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் என்னை நிறுத்தி, நேற்று என்ன நடந்தது என்று முழு வாக்கியத்தில் சொல்ல வைத்தீர்கள், தப்பாகச் சொன்னால் பொட்டலத்தைக் கையில் தரமாட்டீர்கள். மளிகைக்கடை அண்ணன் பழைய பெரித்தா ஹரியான் மலாய்ப் பேப்பரைப் பொட்டலம் மடிக்காமல் எனக்காக எடுத்துவைத்தார், காசு வாங்கியதே இல்லை. எங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும் மண்டோர் அண்ணன் பரீட்சை நாட்களில் லீவு தந்தார். என் வீட்டுக்காரர் இரவு வேலை முடிந்து தூங்காமல் மோட்டாரில் கொண்டுபோய் விட்டு, வெளியிலேயே காத்திருந்தார். மூத்தவள் தன் மேசையில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

வேலைக்கு மனு போட்டுவிட்டேன், கிடைக்க நாள் ஆகலாம். ஐயா, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டில் இருங்கள். அம்மா ரவா உருண்டை பிடித்துத் தருகிறார். ஐந்தாவது வீட்டுத் தங்கச்சியையும் கூட்டி வருகிறேன், அவளுக்கும் பிஎம்மில் ஈதான், எங்கே தோற்றாள் என்று அவளுக்கும் இன்னும் தெரியவில்லை.