தஸைஃபு போறதுக்கு முன்னாடி

பாப்பா,

அடுத்த லீவுக்கு தஸைஃபு கோயிலுக்குப் போலாம்னு இருக்கேன்னு சொன்னல்ல, ஃபுகுவோகால இருந்து பக்கம்தான், தாராளமா போய்ட்டு வா. ஆனா எக்ஸாம் பாஸாகணும்னு ஜப்பான் பசங்க வேண்டிக்கிற கோயில்னு மட்டும் நெனச்சுட்டுப் போகாத. அங்க சாமியா இருக்கறவர் அரண்மனை சூழ்ச்சில குடும்பமே சிதறிப்போன ஒரு அப்பா.

சுகவாரா நோ மிச்சிஜானே, 845ல பொறந்தவர், பரம்பரையா படிச்ச குடும்பம், கவிதை எழுதறவர். அப்பல்லாம் தலைநகர் கியோத்தோல ஃபுஜிவாரா குடும்பம் வச்சதுதான் சட்டம். பொண்ண சக்கரவர்த்திக்குக் கட்டிக்குடுத்து, பொறக்கற பேரன சின்ன வயசுலயே சிம்மாசனத்துல உக்கார வச்சு, தாத்தா பின்னாடி நின்னு நாட்ட ஆளுவார். உதா சக்கரவர்த்திக்கு இது பிடிக்கல, மிச்சிஜானேவ மேல கொண்டு வந்தார். 897ல உதா தன் மகன் தைகோகிட்ட பதவிய குடுத்துட்டு ஒதுங்கிட்டார். 899ல இவர் வலது மந்திரி, ஃபுஜிவாரா நோ தொக்கிஹிரா இடது மந்திரி, ரெண்டுமே அரசவையோட உச்சப் பதவிங்க.

மிச்சிஜானே தன் பொண்ண தைகோவோட தம்பிக்குக் கட்டிக் குடுத்திருந்தார், 901ல ஃபுஜிவாராக்காரங்க அதையே பிடிச்சுக்கிட்டாங்க. மருமகன சக்கரவர்த்தியாக்கப் பாக்கறார்னு தைகோ காதுல போட்டாங்க. அவங்களே தலைமுறையா செஞ்ச வேலைய இவர் மேல பழியா போட்டதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. தைகோவுக்கு பதினாறு பதினேழு வயசுதான், நம்பிட்டார். உதா பதறிப்போய் ஓடிவந்தார், பெத்த மகனோட அரண்மனைதான், வாசல் கதவையே திறக்கல.

பேருக்கு ஒரு பதவிய குடுத்து தஸைஃபுக்கு நாடு கடத்திட்டாங்க, 903ல அங்கயே செத்துட்டார். அப்பறம் 909ல தொக்கிஹிரா சின்ன வயசுலயே போனார், 923ல பட்டத்து இளவரசர், 930ல அரண்மனைலயே இடி விழுந்து ஆளுங்க செத்தாங்க, தைகோவும் அதே வருஷம் போய்ட்டார். இவர் ஆவிதான்னு எல்லாரும் நடுங்கி, 947ல கியோத்தோலயும் கோயில் கட்டி சாமியாக்கிட்டாங்க.

எல்லாரும் இந்த இடியத்தான் பேசுவாங்க. எனக்கு அவர் தஸைஃபுல எழுதுன கவிதைங்கதான் மனசுல நிக்குது. பெரிய பசங்க நாலு பேர திசைக்கு ஒருத்தரா அனுப்பிட்டாங்க, பொண்ணுங்க கியோத்தோலயே இருந்துட்டாங்க, குட்டிங்க ரெண்டு பேர்தான் கூட வந்தாங்க. உங்களுக்காச்சும் அப்பா கூட இருக்க குடுத்து வச்சிருக்குன்னு அந்தக் குழந்தைங்களுக்கு ஆறுதல் சொல்லி ஒரு கவிதை இருக்கு பாப்பா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் ஓடல.

இன்னொண்ணு வீட்டுல இருந்து கடிதம் வந்தப்ப எழுதுனது. மூணு மாசத்துக்கு மேல ஒரு தகவலும் இல்லாம இருந்து ஒரு கடிதம் வருது. மேற்கு வாசல் மரத்த யாரோ பிடுங்கிட்டுப் போய்ட்டாங்க, வடக்கு தோட்டத்துல வேற ஆளுங்க குடியிருக்காங்கன்னு அதுல இருக்கு. இஞ்சிய பேப்பர்ல மடிச்சு மருந்துன்னு எழுதி அனுப்பிருக்காங்க அவர் வீட்டம்மா, மூங்கில் கூடைல கடல்பாசி வேற. ஆனா அவங்க பசியோ குளிரோ ஒரு வரி கூட இல்ல. அத மறைச்சதாலதான் எனக்கு இன்னும் கவலையா இருக்குன்னு முடிக்கறார்.

நீயும் போன்ல எல்லாம் நல்லாருக்குப்பா, சாப்ட்டேன்பானு மட்டும்தான் சொல்ற. வேலைல யாராச்சும் தொந்தரவு குடுத்தா, கைல காசு பத்தலன்னா, ராத்திரி அழுகையா வந்தா அதையும் சொல்லு. அம்மாகிட்ட சொல்லவேணாம்னா எனக்குத் தனியா மெசேஜ் போடு, நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேன்.

அப்பா