யாப்பில் எழுதாதது

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா பிள்ளை? என்னோடு கதைத்து மூன்று கிழமையாகிறது. அம்மாவோடு கதைக்கிறாய், என்னைக் கேட்காமலே போனை வைத்துவிடுகிறாய். ரொறன்ரோவில் குளிர் தொடங்கிவிட்டதாம். காதைக் கட்டிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே பெரிய புதினம் ஒன்றும் இல்லை. கிணற்றடி மாமரத்தைத் தறித்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் பொதுச்சபைக் கூட்டம். அதுதான் தலைக்குள் நிற்கிறது.

"அவருடைய அம்மா வந்தால் தேர் வடம் பிடிக்க விடுவீங்களோ அப்பா?" என்று, நீ விரும்புகிறவரின் தாயைப் பற்றி நீ கேட்டபோது பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அன்றிரவே அலுமாரியைத் திறந்து கோயில் யாப்பை, எங்கள் சட்டவிதிப் புத்தகத்தை, எடுத்து வாசித்தேன். பதினெட்டு வருசம் செயலாளராக இருந்தும், இப்படி வரிவரியாக வாசித்தது அன்றுதான். வடம் யார் பிடிக்கலாம், யார் பிடிக்கக்கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அங்கத்தவராகச் சேர 'உபயகாரக் குடும்பத்தவர்', அதாவது திருவிழாச் செலவை ஏற்று நடத்துகிற குடும்பங்கள், என்று மட்டும் இருக்கிறது. மற்றச் சாதியாரை வெளியில் நிறுத்த அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்திருக்கிறது. மிச்சத்துக்கெல்லாம் வழமை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் போகவிடாமல் மறிப்பது குற்றம் என்று 1957லேயே சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் சனம் போராட வேண்டியிருந்தது. 1931இலிருந்து அந்தச் சனத்துக்கும் எங்களுக்கும் தேர்தலில் ஒரே வாக்கு. எங்கள் கோயில் கூட்டத்தில் மட்டும் அவர்கள் கை உயர்த்த முடியாது.

நியாயத்தைப் பயப்படாமல் கேள் என்று உனக்குச் சொல்லித் தந்தவன் நான்தான். பேச்சுப் போட்டியில் நீ மேடை ஏறும்போதெல்லாம் முன்வரிசையில் இருந்தேன். அதை என்னிடமே கேட்டது நெஞ்சில் குத்திவிட்டது. கொஞ்சம் ஆறுதலாகக் கேட்டிருக்கலாம் பிள்ளை.

அம்மாவுக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஓ.எல். சோதனை எழுதிய வருசம், மேற்குக் குறிச்சியிலிருந்து ஏழு பேர் அங்கத்துவம் கேட்டு, சந்தாக் காசும் வைத்துக் கடிதம் தந்தார்கள். அதைக் கூட்டத்தில் வாசிப்பது செயலாளரின் வேலை. வாசிக்க வேண்டாம் என்று என்னை ஒருவரும் தடுக்கவில்லை. சண்டை வரும் என்று நானே நினைத்துக் கோவைக்குள் வைத்துவிட்டேன். காசை மட்டும் உறையோடு திருப்பி அனுப்பினேன், ஒரு வரி பதில்கூட எழுதாமல். நாலாவது கையெழுத்து அவருடைய தகப்பனாருடையது. அதற்குப் பிறகும் அந்த மனிதர் சந்தையில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிச் சுகம் விசாரித்துவிட்டுத்தான் போவார். செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தை வாசிக்கப் போகிறேன். பிறகு அந்தச் சொல்லை யாப்பிலிருந்து எடுக்கவேண்டும் என்று பிரேரிப்பேன். வழிமொழிய ஆள் வருமோ தெரியாது. உன் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வாசிக்கவேண்டும்.

கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. உனக்கு அப்போது விடியப்புறமாக இருக்கும். எழும்பினால் ஒருக்கால் கோல் எடு. அம்மாவுக்கு இல்லை, எனக்கு. அவரையும் கதைக்கச் சொல். காதைக் கட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா