ஹௌரா பாலத்துக்குக் கீழே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பொண்ணுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன், அவளுக்கு ஒரே சந்தோஷம். வெயிலைத் தவிர எனக்கும் இங்கே குறையொன்றும் இல்லை.

கொல்கத்தாவில் என்னதான் படமெடுக்கிறாய் என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் ஹௌரா பாலத்தடியில் இருக்கிற மல்லிக் காட் பூச்சந்தைதான். கிழக்குக் கோடி ஊர் இல்லையா, சித்திரையில் ஐந்து மணிக்கே வெளுத்துவிடுகிறது. எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறி முகங்களில் நிழல் கறுத்து விழும், அதற்குள் எடுத்தால்தான் உண்டு. செண்டுமல்லிச் சரங்களைத் தேர்வடம் மாதிரி சுருட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள், முகமே தெரியாத அளவுக்குப் பூ. வருகிறவர்கள் பலரும் பாலத்தின் மேலிருந்து எடுத்துவிட்டுப் போகிறார்கள். மேலிருந்து எடுத்தால் பூ தெரியும், ஆள் தெரியமாட்டார்.

நான் கீழே இறங்கிச் சுவரோரமாக நின்றுகொள்வேன். முதல் அரை மணி நேரம் கேமராவைத் தூக்குவதே இல்லை. ஒரு பார்வை பார்ப்பார்கள், அப்புறம் அவரவர் வியாபாரம். அதன் பிறகு 35 மி.மீ. லென்ஸ், லென்ஸின் துவாரம் எஃப் 8, ஃபோகஸை எட்டடிக்கு வைத்துவிட்டால் அந்தக் கவலையும் விட்டது. நீ வாங்கப் போவதாக எழுதிய 70-200 தூரத்து லென்ஸ் வேண்டாம்டா. தூரத்தில் நின்று ஒருவரைத் தெரியாமல் எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. கிட்டே நின்றால் அவருக்கும் நம்மைத் தெரியும், பிடிக்காவிட்டால் கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லலாம்.

கை ரிக்‌ஷா இழுக்கிறவர்கள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். பீகாரிலிருந்து வந்தவர்கள் நிறைய. விரலில் ஒரு சின்ன மணியை மாட்டி, வண்டிக் கட்டையில் தட்டித் தட்டி வழி கேட்டபடி போவார்கள். ஊருக்கு வருகிற கேமராவெல்லாம் அவர்களின் வெறுங்காலையும் வியர்வையையும்தான் தேடுகிறது. அதே மனிதர் வண்டி நிழலில் உட்கார்ந்து, மண் குவளையில் டீயோடு பக்கத்து ஆளிடம் ஊர்க்கதை பேசிச் சிரிப்பதை எத்தனை பேர் எடுக்கிறார்கள்? நான் அதைத்தான் எடுத்தேன், கேட்டுவிட்டு. மறுநாள் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஓரத்தை மட்டும் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கூட்டாளியைக் கூப்பிட்டு, "இது நீ" என்று விரலால் காட்டினார்.

கறுப்பு வெள்ளையைத்தான் கலையென்று மதித்த காலத்தில் புகைப்படக்காரர் ரகுபீர் சிங் இந்த ஊரைக் கொடாக்ரோம் ஃபிலிமில் கலரில் எடுத்தார். இந்தச் சந்தையில் நின்றால் அவர் செய்தது எவ்வளவு சரி என்று புரியும்.

புரட்டாசியில் லீவு போட முடியுமா பார். துர்கா பூஜைக்கு முன்னால், சிலை செய்கிறவர்கள் வாழும் குமார்துலியில் மூங்கிலும் வைக்கோலும் கங்கை மண்ணுமாகச் சந்தெல்லாம் பொம்மைகள் நிற்கும். கோரமண்டல் ரயிலில் முன்பதிவு தொடங்கியதுமே டிக்கெட் போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

உன்,
பழைய கூட்டாளி