ஸ்பைடர் மேன் பார்த்துவிட்டு அப்பா எழுதுவது

அம்முவுக்கு,

வேலையை விடப் போவதாக நீ போனில் சொன்னபோது, "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமே கிடையாது. எனக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பேசினால் பாதியில் ஏதாவது வேறு விஷயத்துக்குப் போய்விடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

இதற்கிடையில் ஒரு படம் பார்த்தேன். பள்ளியில் படிக்கும்போது நீ திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாயே, அந்த ஸ்பைடர் மேன், இரண்டாம் பாகம். 2004இல் வந்தது. அப்போது எனக்கு அதன் சத்தம் மட்டும்தான் காதில் விழும். இப்போதுதான் முதல் முறையாக உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். சண்டைகள் நீளம்தான், ஒத்துக்கொள். வில்லனாக வரும் அந்த டாக்டர் ஆக்டோபஸின் இரும்புக் கைகளைப் பல காட்சிகளில் பொம்மலாட்டக்காரர்கள் பின்னால் நின்று ஆட்டினார்களாம். அது தெரிந்த பிறகு நான் ஆளை விட்டுவிட்டுக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என்னைக் கடைசிவரை உட்கார வைத்தது சண்டை இல்லை, ஸ்பைடர் மேனாக மாறும் அந்தப் பையன் பீட்டரின் வாடகை பாக்கி.

ஊரையே காப்பாற்றுகிறான், வாடகை கட்டக் காசில்லை. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, தாமதமாகப் போனதால் போய்விடுகிறது. வகுப்புக்குத் தாமதம், பேராசிரியர் திட்டுகிறார். அவன் விரும்பும் மேரி ஜேன், தான் நடிக்கும் நாடகத்துக்கு வரச் சொல்கிறாள், தாமதமாகப் போகிறான், வாசலில் நிற்பவர் உள்ளே விடவே மாட்டேன் என்கிறார். ஒவ்வொரு தாமதத்துக்கும் அவனிடம் நியாயமான காரணம் இருக்கிறது. யாரோ ஒருவருடைய உயிர். ஆனால் அதை ஒருவரிடமும் சொல்ல முடியாது. எல்லோர் கண்ணுக்கும் அவன் பொறுப்பில்லாதவன். இது பரிதாபம்தான். ஆனாலும் எனக்கு இன்னொன்று தோன்றியது. அவன் யாரிடமும் "முடியாது" என்று சொல்வதே இல்லை. எல்லோரிடமும் "கண்டிப்பா வரேன்" என்கிறான். பாதிக் கஷ்டம் வில்லனால் வந்தது என்றால் மீதி இந்த "கண்டிப்பா வரேன்" என்பதால் வந்தது. யாரையோ ஞாபகப்படுத்துகிறது, இல்லையா?

பிறகு அவன் சக்தி போகத் தொடங்குகிறது. சுவரில் ஏறுகிறான், விழுகிறான். டாக்டரிடம் போகிறான். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்த டாக்டர் பெரிதாகப் புத்தி சொல்லவில்லை. இதை விட்டுவிடவும் உனக்கு வழி இருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். உன் தலைவலிக்கு எடுத்த பரிசோதனை எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை என்று வந்ததாக நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அப்போது சிரிக்கத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடக்கிறான் பார், அதன் பிறகு வருகிற கொஞ்ச நேரம்தான் எனக்குப் படத்திலேயே பிடித்த பகுதி. நேரத்துக்கு வகுப்புக்குப் போகிறான், கேள்விக்குப் பதில் சொல்கிறான், நாடகத்தை முழுதாகப் பார்க்கிறான். இயக்குநர் சாம் ரைமி நினைத்திருந்தால் அவனை அங்கே குற்ற உணர்ச்சியில் வாட விட்டிருக்கலாம். செய்யவில்லை. நல்ல பாட்டைப் போட்டு அவனைச் சந்தோஷமாக விடுகிறார். விட்டவன் கொஞ்ச நாள் நிம்மதியாக இருப்பது பாவம் இல்லை என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு அவன் திரும்பி வருகிறான், சரி. ஆனால் அது விட்டுப் பார்த்தவன் எடுத்த முடிவு. விடவே முடியாது என்று நினைத்துச் சுமந்த காலமும், விட முடியும் என்று தெரிந்து எடுத்துக்கொண்ட காலமும் ஒன்றா என்ன? நீ திரும்ப வர வேண்டும் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வராவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

நடுவில் ஒரு தீ விபத்து வருகிறது. சக்தி இல்லாமலேயே எரிகிற கட்டடத்துக்குள் ஓடி ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறான். வெளியே வந்த பிறகு, மேல் மாடியில் இன்னொருவர் இறந்துவிட்டார் என்று காதில் விழுகிறது. அதற்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. படம் அப்படியே நகர்ந்துவிடுகிறது. அது நேர்மையாக இருந்தது.

ஆனால் நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தது சமையலறை மேஜைக் காட்சியைத்தான். அவனை வளர்த்த பெரியம்மா மேயிடம், பெரியப்பா சாவுக்கு நானும் ஒரு காரணம் என்று சொல்கிறானே, அது. திருடனை நான் பிடித்திருக்கலாம், விட்டுவிட்டேன், அவன்தான் சுட்டான் என்கிறான். அந்த அம்மாள் கத்தவில்லை, அழவில்லை. பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். ரோஸ்மேரி ஹாரிஸ் என்கிற அந்த நடிகை என்னமாய் நடித்திருக்கிறார். சிறு வயதில் உனக்கு அந்தக் காட்சி போரடித்திருக்கும். எனக்கு இப்போது முதுகு நிமிர்ந்துவிட்டது. பிறகு வேறொரு நாள், வீட்டைக் காலி செய்யச் சாமான்களை மூட்டை கட்டும்போதுதான் அவனிடம் பேசுகிறாள். உண்மையைச் சொல்ல உனக்குத் துணிச்சல் இருந்தது, எனக்குப் பெருமை என்கிறாள்.

நடுவில் இருந்த நாட்களைப் படம் காட்டவில்லை. நான் அதைத்தான் யோசித்தேன். அவன் என்னவெல்லாம் கற்பனை செய்திருப்பான்! வெறுத்துவிட்டாள், இனி முகத்தில் விழிக்க மாட்டாள் என்று. அவளோ மாடியில் உட்கார்ந்து வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். பெற்றவர்களுக்கும் வளர்த்தவர்களுக்கும் செய்தி உள்ளே இறங்கச் சில நாள் ஆகும் அம்மு. நாங்கள் பேசாமல் இருக்கும்போதெல்லாம் உன்னைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பதாக நினைக்காதே. பல சமயம் கணக்குதான் போட்டுக்கொண்டிருப்போம்.

அதே மே சொல்லும் இன்னொரு விஷயத்தோடு மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. சில நேரம் நாம் மிகவும் விரும்புவதை, கனவைக்கூட, விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறாள். அழகான பேச்சுதான். என் வயதில் இருப்பவர்கள் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், விட்டுக்கொடுக்கப் போவது வேறு யாரோ என்பதால். படமே கடைசியில் அதற்கு மறுப்புச் சொல்லிவிடுகிறது, கவனித்தாயா? மேரி ஜேனுக்கு ஆபத்து வரக்கூடாது என்று அவனே முடிவு செய்து அவளை விலக்கி வைக்கிறான். அவள் அவன் வீட்டு வாசலில் வந்து நின்று, என் முடிவை எடுக்க என்னை விடக்கூடாதா என்று கேட்கிறாள். வில்லனை எல்லாம் சமாளித்தவனிடம் அதற்குப் பதில் இல்லை.

இங்கேதான் உன்னிடம் சொல்ல வந்தது இருக்கிறது. வேலையில் இவ்வளவு நாளாக என்ன நடக்கிறது என்று எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தாய். "அப்பா கவலைப்படுவாரே என்றுதான்" என்றாய். பாசத்தில் செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் கவலைப்படுவதா வேண்டாமா என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்? எனக்காக நீ எடுத்த அந்த முடிவை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.

ரயில் காட்சி உனக்கு மனப்பாடம். ஓடுகிற ரயிலைத் தன் உடம்பாலேயே நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான். பயணிகள் அவனைக் கையில் ஏந்தித் தலைக்கு மேலாகவே உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். முகமூடி இல்லை. தன் மகனைவிடப் பெரியவனாக இருக்க மாட்டான் என்கிறார் ஒருவர். பிறகு டாக்டர் ஆக்டோபஸ் வந்ததும் அந்தச் சாதாரண ஆட்கள் ஒவ்வொருவராகக் குறுக்கே வந்து நிற்கிறார்கள். ஒரு நொடியில் அத்தனை பேரையும் தள்ளிவிடுகிறான், அது வேறு விஷயம். ஆனால் நின்றார்கள். முகத்தைப் பார்த்ததால்தான் நின்றார்கள். முகமூடியோடு இருந்திருந்தால் இவனுக்கு நம் உதவி எதற்கு என்று ஒதுங்கியிருப்பார்கள்.

பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும் என்ற வாசகத்தை நோட்டு அட்டையில் எழுதி வைத்திருந்தாய். அதைச் சொன்னவர் பெரியப்பா பென் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய முதல் கதையில் அதை எந்தப் பாத்திரமும் பேசவில்லையாம், கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வரியாக வருகிறதாம். 2002இல் வந்த முதல் படத்தில் பென்னே அவனிடம் சொல்கிறார். யார் சொன்னால் என்ன, நாங்கள் யாரும் அதை உன்னிடம் சொல்லவில்லை. முதல் சம்பளம் வந்த நாளில் நீயே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாய். தம்பி படிப்பு, வீட்டுக் கடன், எல்லாம். செய்தது பெரிய காரியம். நான் மறக்க மாட்டேன். இப்போது கடன் முக்கால்வாசி முடிந்துவிட்டது. மீதியை என் ஓய்வூதியத்தில் கட்டலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். தம்பியும் பகுதி நேர வேலை தேடுகிறேன் என்கிறான். நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

அதனால் ராஜினாமாக் கடிதத்தை எழுது. கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும் என்று மட்டும் எனக்கு ஒளிக்காமல் அனுப்பு. அடுத்த வேலைக்கு அவசரப்படாதே. முதலில் நன்றாகத் தூங்கு.

அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீயே சொல்வதுதான் முறை. மே மாதிரி எழுந்து மாடிக்குப் போய்விடுவாள் என்று பயப்படாதே. அவள் கேட்கும் கேள்விகளில் உன் போன் சார்ஜ் தீர்ந்துவிடும், அதற்கு மட்டும் தயாராக இரு.

அன்புடன்,
அப்பா